பத்தா இருபதா என்று கேட்டவளுக்கு

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தூரக்கண்ணாடி வாடகைக்கு விடும் பெண் ஒருத்தி என்னிடம் இரண்டை நீட்டினாள். "இது பத்து பவரு, இது இருபது. பெர்சா எட்துக்கோமா, கொக்கு கண்ணுல கீற பீளைகூட தெரியும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மருமகள் இருபதை வாங்கி என் கையில் திணித்துவிட்டாள். கண்ணில் வைத்தேன். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருந்த நாரைகள் எல்லாம் நடுங்கின. நடுங்கியது நாரையில்லை, என் கை. கைக்குள் ஓடும் நாடியையும் சேர்த்து அந்தக் கண்ணாடி இருபது மடங்காக்கிக் காட்டியது. அதன் ரப்பர் விளிம்பில் யாருடைய வியர்வையோ ஒட்டியிருந்தது. வெயிலில் காய்ந்த ரப்பரும் உப்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய்.

நீ இறந்துபோனதாக எனக்குத் தெரிந்து அன்றோடு பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் இருக்கும் செங்கல்பட்டிலிருந்து நீ இருந்த பொத்தேரிக்கு ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் உன்னைக் கடைசியாகப் பார்க்க நான் வரவில்லை. வரக்கூடாது என்று தீர்மானித்துத்தான் வராமல் இருந்தேன். உன் பெயரையும் இந்த மடலில் எழுதப்போவதில்லை. எழுதினால் உன்னைக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும். கூப்பிட எனக்கு விருப்பமில்லை, பேசத்தான் விருப்பம். நீ இனிமேல் பதில் பேசமாட்டாய் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

நாம் சந்தித்தது கல்லூரியின் என்.சி.சி. முகாமில். தரையில் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் கட்டையைத் தோளில் அழுத்திச் சுடும்போது மற்றப் பெண்கள் கண்களை மூடிக்கொண்டார்கள். நீயும் நானும் மூடவில்லை. அதைப் பார்த்துத்தான் நாம் ஒருவரையொருவர் தேடிப் பேசினோம். பேசிப் பார்த்தால் இரண்டு வீடும் ஒன்றுபோலவே இருந்தது. உன் அப்பா அம்மாவும் என் அப்பா அம்மாவும் யார் யார் நிலத்திலோ நாற்று நட்டும் கதிர் அறுத்தும் நம்மைப் படிக்கவைத்தவர்கள். துப்பாக்கி என்பது அவர்கள் நிலக்காரர் தோளில் மட்டுமே பார்த்திருந்த பொருள். அது நம் தோளுக்கு வந்த அன்று நீ என் காதருகே சொன்னாய்: "எஸ்தரு, எங்கப்பன் மட்டும் இத பாத்தான்னா மயக்கம் போட்டு வுழுந்துடுவான்டி."

படிப்பு முடிந்ததும் எனக்குச் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. முதலாளியை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் கடையில் இரண்டு வருஷம் லென்ஸ் தேய்த்ததில், ஒரு கண்ணாடியைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தே அதன் பவரைச் சொல்லிவிடுவேன். சாயங்காலங்களில் என்னோடு டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட நீ வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாய். அந்தச் சமயத்தில்தான் மாவட்டத் துப்பாக்கிச் சங்கத்தில் பெண்களையும் சேர்க்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். அதன் செயலாளர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். எல்லாருக்கும் அவர் சுபேதார் ஐயா. மாநில அணியில் நீண்ட தூரச் சுடுதலுக்குப் பெண்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்குச் செல்பவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலையும் உண்டு என்று பேச்சு. நம் இருவருக்கும் அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் பிடித்துப் போவோம். அங்கிருந்து திருவிடந்தைப் பக்கம், கடலை ஒட்டிய சவுக்குத் தோப்புக்கு நடை. இன்றைக்கு அங்கே அகலமான சாலை போட்டு ஓட்டல்கள் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு மணல், முள், நண்டு வளை, அவ்வளவுதான். தோப்பை அடுத்த வெட்டவெளியில் முந்நூறு கெஜத்துக்கு அப்பால் மணலைக் குவித்து மேடு கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் கருப்பு வட்டம் போட்ட தாள்.

நீண்ட தூரத்துக்கென்று சங்கத்தில் இருந்தது ஒரே துப்பாக்கி. தடித்த குழலோடு கனமாக இருக்கும், இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுமப்போம். குறிபார்க்க அதன்மேல் மாட்டும் தூரக்கண்ணாடிக் குழல், ஸ்கோப், அது மட்டும் இரண்டு இருந்தன. ஒன்று பத்து மடங்கு, மற்றது இருபது மடங்கு. துப்பாக்கியின் மேல் எதை வேண்டுமானாலும் சில நிமிஷங்களில் மாட்டலாம். பெயர் வைக்காமலே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது: பத்து, இருபது.

முதல்முறை இருபதை வைத்துப் பார்த்துவிட்டு நீ துள்ளினாய். "அம்மாடி, தாளு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது! இத வுட்டுட்டு யாராவது பத்த எட்துப்பாங்களா?"

நான் உன்னை அப்படியே படுக்கவைத்து, பதினோரு மணிவரை பார்க்கச் சொன்னேன். வெயில் ஏற ஏற மணலிலிருந்து கானல் கிளம்பியது. இருபதுக்குள் கருப்பு வட்டம் சோற்றுப் பானையில் கொதிப்பதுபோல் பொங்கியது. மேலே ஏறி, பக்கவாட்டில் வழிந்து, ஓர் இடத்தில் நிற்காமல் ஆடியது. "இன்னாடி இது, பேய் புட்ச்சாமாரி கீது" என்றாய்.

"பெர்சா தெரியறது வட்டம் மட்டும் இல்லடி. கானலு பெர்சாவும், உன் மூச்சு பெர்சாவும், உன் நாடி பெர்சாவும். எல்லாத்தையும் சேத்துத்தான் இருபது மடங்கு. காலைல காத்தும் வெயிலும் இல்லாதப்ப இருபது ராஜா. மண்ணு காஞ்சிட்டா பத்துதான். சின்னதா தெரிஞ்சாலும் நின்னு தெரியும்."

இன்னொன்றும் காட்டினேன். ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அதன் பின்பக்கத்தில் வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரியும். பத்தில் அந்தப் பொட்டு மிளகளவு. இருபதில் கடுகளவு. கடுகுக்குள் கண்ணை வைக்கத் தலை மயிரிழைகூட நகரக்கூடாது, நகர்ந்தால் இருட்டிவிடும். ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்குமுன் இதையெல்லாம் பார்க்கவேண்டும் என்றேன். நீ அதையெல்லாம் ஷார்ட்ஹேண்ட் நோட்டில் எழுதிக்கொண்டாய். ஒன்றையும் நான் மறைக்கவில்லை. நாம் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போட்டியிடுகிறோம் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். நீ என்னைவிட நன்றாகச் சுட்டு ஜெயித்தால் ஜெயித்துக்கொள் என்றிருந்தேன். மெய்யாகவே அப்படித்தான் இருந்தேன்.

தேர்வு நாள் பங்குனி மாதத்தில் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் உனக்கு முதல் முறை, எனக்கு இரண்டாவது. நீ காலையிலேயே சுட்டு முடித்தாய். அதற்குள் கானல் லேசாகக் கிளம்பிவிட்டதால் கடைசிச் சில தோட்டாக்களைப் பத்தை மாட்டிச் சுட்டாய். அதை நானே தூரத்திலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் சுட்டிருந்தாய். எழுந்து வந்தவள், முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் குனிந்தாய்.

"எஸ்தரு, பத்த தொடாத. உள்ள பூஞ்ச கட்டிகினு கீது. ஒரே மங்கலு. நானே கடைசில குருட்டாம்போக்குல சுட்டேன். இருபதயே எட்துக்கோ."

கடலோரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது நடக்காத காரியமில்லை. கடைக்கு வரும் பழைய கேமராக்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எடுத்துப் பார்க்க அவகாசமில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. சொன்னது நீ. நான் இருபதை மாட்டிக்கொண்டு படுத்தேன்.

அன்றைய பதினோரு மணி வெயிலை நீ மர நிழலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இருபதுக்குள்ளிருந்து பார்த்தேன். வட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இருந்த இடத்தில் அது இல்லை, இல்லாத இடத்தில் ஆடியது. என் நெஞ்சு அடிப்பதற்கேற்பக் குறுக்குக் கோடு துள்ளியது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் கண்ணில் நீர் கட்டிவிட்டது. உன்னைவிட நான்கு புள்ளி குறைந்தேன். நான்கே நான்கு.

உன்னைக் கட்டிப்பிடித்து நான்தான் முதலில் வாழ்த்தினேன். உனக்கு நினைவிருந்திருக்கும்.

அதோடு நின்றிருந்தால் வாழ்நாள் முழுவதும் நாம் சிநேகிதிகளாகவே இருந்திருப்போம். ஆனால் மறுநாள் நான் சுபேதார் ஐயாவிடம் போய், "பத்துல பூஞ்சை இருக்காம் ஐயா. கடையில பிரிச்சுத் துடைச்சுத் தர்றேன். அவ டெல்லிப் போட்டிக்குப் போறப்ப சுத்தமா இருக்கணும்" என்று சொல்லி வாங்கிவந்தேன். உனக்காகத்தான் வாங்கிவந்தேன்.

பாய் தொழுகைக்குப் போயிருந்த மதியம் அது. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, வளையங்களைக் கழற்றி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு நூலிழை இல்லை. ஒரு புள்ளி இல்லை. ஈரத்தின் சுவடுகூட இல்லை. திருப்பிப் பார்த்தேன், பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த காலையில் வானம் இருக்குமே, அப்படி இருந்தது.

பாய் திரும்பிவந்து என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, லென்ஸு ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல பாய். நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் கீது. அதைச் சொன்னபோது என் வாயில் கசந்த கசப்பு இன்றைக்கும் போகவில்லை. லென்ஸ்களைத் திரும்பப் பொருத்தி, ஸ்கோப்பைத் துணியில் சுற்றி ஐயாவிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு வேலை கிடைத்தது. உன் அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார், உனக்குக் கீழே மூன்று தங்கைகள். அதனால்தான் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? தெரியும். நீ என்னிடம் வந்து, "இந்த ஒரு தடவ எனக்கு வுட்டுக்குடுடி" என்று கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா என்று நூறு தடவை என்னையே கேட்டிருக்கிறேன். விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருந்தால் உன்னை வெறுத்திருக்கவும் மாட்டேன். நான் கற்றுக்கொடுத்ததை எடுத்து என்னையே வெட்டினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் காத்திருந்தேன். உன்னோடு ஒரே பஸ்ஸில் போனேன், ஒரே டப்பாவில் சாப்பிட்டேன், உன் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். நீ என்றைக்காவது வாய் திறந்து சொல்வாய் என்று முதல் வருஷம் எதிர்பார்த்தேன். இரண்டாம் வருஷம் எதிர்பார்க்கவில்லை. யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

உன் வேலை தற்காலிகம். அடுத்த தேர்விலும் அணிக்குப் போனால்தான் நிரந்தரமாகும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் அதே மைதானம், அதே துப்பாக்கி, அதே ஒரே ஓர் இடம். போட்டிக்கு நாமிருவரைத் தவிர பெயருக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

ஸ்கோப்பில் கை வைக்க எனக்கு ஆயிரம் வழி இருந்தது. லென்ஸ் வளையத்தை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டால் நாலாவது தோட்டாவிலேயே குறி தடுமாறும், யாருக்கும் காரணம் தெரியாது. சுத்தம் செய்ய என்னிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு நாள் என் மேஜை மேல் கிடந்தது. நான் தொடவில்லை. நல்லெண்ணத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணாடிக்குத் துரோகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உனக்குச் செய்ய வந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பயிற்சி முடிந்து பஸ்ஸுக்காக மாமல்லபுரத்தில் நின்றோமே, ஞாபகமிருக்கிறதா? சிலை செதுக்குகிறவர்களின் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேர்க்கடலையை உரித்து உன் கையில் போட்டுக்கொண்டே சொன்னேன். அந்தப் பேச்சை நான் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"போன தேர்வு முடிஞ்ச மறுநாளு நான் பத்த பிரிச்சுப் பாத்தேன்டி. உனக்காக தொடைக்கலாம்னு. ஒரு பூஞ்சையும் இல்ல."

கடலை உன் கையிலேயே நின்றுவிட்டது. "அப்டியா? அன்னிக்கி எனக்கு மங்கலாத்தானடி கெடந்துச்சு."

"இருக்கும். உன் கண்ணுல தூசி பட்டுருக்கும்" என்றேன். சிரித்தேன். நீயும் சிரிக்கப் பார்த்தாய். பஸ் வந்துவிட்டது. செங்கல்பட்டு வரும்வரை நீ ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாய். நீ ஒப்புக்கொள்ள நான் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. அதே சமயம் அதுதான் நான் வைத்த பொறியும். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அதை இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது?

போட்டியன்று காலை முழுவதும் பிஸ்டல் போட்டி இழுத்துக்கொண்டே போயிற்று. நம் முறை வரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. உனக்கு முதல் முறை, எனக்கு அடுத்தது. வானத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மேகம். வெயில் வந்து வந்து போயிற்று. கடல்காற்று இன்னும் எழவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டம். மேகம் மூடும்போது இருபதில் வட்டம் அழகாக நிற்கும், மேகம் விலகியதும் கொதிக்கும். நீ இரண்டு ஸ்கோப்பையும் கீழே விரிப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"எஸ்தரு, நீ சொல்டி. பத்தா, இருபதா?"

நான் மணலைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். நியாயமாக, ஒழுங்காக, ஒரு டாக்டர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தேன். அப்புறம் சொன்னேன்.

"பத்து."

"மெய்யாவா?"

"மேகம் போயிடும். அப்புறம் இருபதுல ஒண்ணும் நிக்காது. பத்து எட்துக்கோ."

சொன்னது அத்தனையும் உண்மை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையை நான் சொன்னதே கிடையாது. நீ என் முகத்தை உற்றுப் பார்த்தாய். உன் கண்ணில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அச்சடித்த எழுத்துபோல் தெரிந்தது. இவளுக்கு விஷயம் தெரியும். இவள் எனக்கு ஏன் நல்லது சொல்லப்போகிறாள்? இவள் இடத்தில் நான் இருந்தால் பொய்தான் சொல்வேன். இப்படித்தான் நினைத்தாய். உன் கை பத்தின் மேலிருந்து நகர்ந்து இருபதை எடுத்தது.

எனக்குள் அப்போது எழுந்த சந்தோஷத்துக்கு நான் இன்றுவரை வெட்கப்படவில்லை.

முதல் ஐந்து தோட்டாக்கள் நன்றாகப் போயின. மேகம் இருந்தது. ஆறாவதில் வெயில் வந்தது. நீ தலையைத் தூக்கினாய், வைத்தாய், மறுபடி தூக்கினாய். உன் முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஸ்கோப்பை மாற்ற உனக்கு உரிமை இருந்தது. மாற்றினால் நான் சொன்னதே சரி என்று ஆகிவிடும் என்பதால் நீ மாற்றவில்லை. பன்னிரண்டாவது தோட்டா தாளுக்கு வெளியே மணலில் புழுதி கிளப்பியது. சுபேதார் ஐயா தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இன்னா ஆச்சு இந்தப் பொண்ணுக்கு?" என்றார்.

நான் பத்தை மாட்டிச் சுட்டேன். சின்னதாகத்தான் தெரிந்தது. நின்று தெரிந்தது.

அணிக்கு நான் போனேன். டெல்லியில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, நடுவில் எங்கேயோ வந்தேன். ஆனால் உன் வேலையைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், அந்த வேலைக்கான உத்தரவை என் பெயருக்குக் கொடுத்தார்கள். முதல்நாள் அலுவலகத்துக்குப் போனபோது ப்யூன் என்னை உன் மேஜைக்குத்தான் அழைத்துப்போனார். நாற்காலியில் நீ தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட மெத்தை அப்படியே கிடந்தது. "வேணும்னா எடுத்துப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். "இருக்கட்டும்" என்றேன். அதன்மேல் உட்கார்ந்துதான் உன் டைப்ரைட்டரில் முதல் கடிதத்தை அடித்தேன்.

அதற்குப் பத்து நாள் முன்பு, கண்ணாடிக் கடையில் என் கடைசி வாரத்தில், நீ வந்தாய். பாய் இருந்ததால் வெளியே கூப்பிட்டாய். கடைத்தெரு நடுவில், மாட்டு வண்டிகளுக்கு ஒதுங்கிக்கொண்டே பேசினோம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி நீ ஏன்டி உண்மைய சொன்ன?"

"கேட்ட. சொன்னேன்."

"பொய் சொல்லியிருந்தின்னா நான் தப்பிச்சிருப்பேன்டி."

"தெரியும்."

ஒரு வண்டி கடந்துபோனதும் நீ கேட்டாய்: "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். குறைந்தது திட்டுவாய் என்று. நீ தலையை மட்டும் ஆட்டினாய். "நல்லாதான் சுட்ட" என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தாய். பூஞ்சையைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு உன் வேலை கிடைத்தது, உன் நாற்காலி கிடைத்தது. உன் வாயிலிருந்து "ஆமாம், நான் பொய் சொன்னேன்" என்ற ஒரு வரி மட்டும் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் நான் நாற்பது வருஷத்துக்கு மேல் உன்மேல் கோபமாக இருந்தேன். நீ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தற்காலிக வேலை பார்த்துக் கடைசியில் பொத்தேரியில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தியதையும், கரண்டி பிடித்து உன் கை காய்த்துப்போனதையும் யார் யாரோ வந்து சொல்லும்போது, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் இனித்தது. மூலையில் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்.

நேற்று உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். உன் காரியம் முடிந்த மறுநாள். அதே நெற்றி, அதே அகலத் தோள். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாங்க ஆன்ட்டி. அந்தக் கடசி போட்டியில நீங்க சரியா சொன்னீங்களாம், அவங்கதான் கேக்கலையாம். ஏன் கேக்கலன்னு கேட்டா சிரிச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்கு அம்மா போய் இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. எனக்குத் தெரியாது கண்ணு, வெயிலில் அவளுக்குக் குழம்பியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியை நான் நன்றாகவே பார்த்தேன்.

"உங்கம்மா அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு பொய் சொன்னா. லென்ஸ்ல பூஞ்சைன்னு. அதாலதான் அவளால என்னை நம்ப முடியல" என்றேன். முழுவதையும் சொன்னேன். லென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதுவரை சொன்னேன். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். நான் நினைத்ததுபோல் அழவில்லை.

"ஆஸ்பத்திரியில அம்மா சொன்னாங்க. 'எஸ்தரு வூட்டுக்குப் போயி இதக் கேளு. அவ மறைச்சிட்டான்னா ஒண்ணும் சொல்லாத, காபி குட்ச்சிட்டு வந்துடு. சொன்னான்னா மட்டும், ஆமா, பூஞ்ச இல்ல, நான்தான் பொய் சொன்னேன்னு அம்மா ஒத்துக்கிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லிடு'ன்னாங்க."

எழுந்துகொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லுவீங்கன்னுதான் அம்மா சொன்னாங்க. நான்தான் சொல்லமாட்டீங்கன்னேன்."

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு வேண்டாம் என்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. நீ ஒப்புக்கொண்டாய். ஆனால் உன் பெண்ணின் முகத்துக்கு நேரே உன்னை அவமானப்படுத்தினால்தான் அது எனக்குக் கிடைக்கும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் அப்படிச் செய்வேன் என்று உனக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. என் கணவருக்குத் தெரியாது, நான் பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நேற்றைக்குப் பிறகு உன்மேல் ஆத்திரம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுவதும் நான்தான். அது உனக்காக இல்லை என்று என் மருமகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.